பூட்டு நம் வீட்டில், சாவி ரெட்மண்டில்!

2025 அக்டோபர் 14. அன்று முரசு முழங்கவில்லை, சங்கு ஊதவில்லை, தண்டோராப் போடவில்லை. ஆனால் அன்றுதான், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெட்மண்ட் என்னும் ஊரில் தலைமையகம் கொண்ட மைக்ரோசாப்ட் நிறுவனம், கோடிக்கணக்கான கணினிகளைக் கைகழுவிற்று. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அதுவரை இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அன்றோடு நின்றன. உலகில் விண்டோஸ் கொண்டு இயங்கும் கணினிகளில் ஏறத்தாழப் பத்துக்கு நான்கு, அந்த நாளிலும் விண்டோஸ் 10-ஐயே நம்பி ஓடிக்கொண்டிருந்தன.

"கம்ப்யூட்டர் சங்கதி நமக்கு எதற்கு? அது தரமணிக்கும் சோழிங்கநல்லூருக்கும் உரிய பேச்சு; புளியந்தோப்புக்கு என்ன வந்தது?" என்று கேட்போர் இருக்கக்கூடும். கேட்கட்டும். ஹவுசிங் போர்டு வீட்டின் மூன்றாவது மாடியில், பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலைக்கு விண்ணப்பம் போடுகிறாளே ஒரு பெண், அவளுக்கு வந்தது. புளியந்தோப்பு நெடுஞ்சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்து, ஊர்க்காரர்களின் ஆதார் நகலையும் வங்கிப் புத்தக நகலையும் ஒரே பழைய பெட்டியில் வைத்திருக்கிறாரே ஒருவர், அவருக்கு வந்தது. ராயபுரத்தில் கன்டெய்னர் கணக்கு எழுதும் சின்ன அலுவலகத்துக்கும், திருவொற்றியூரில் பட்டறை வைத்து மாதம் தவறாமல் ஜி.எஸ்.டி. கணக்குக் காட்டும் சிறு தொழிலாளிக்கும் வந்தது. பணம் படைத்தோர் புதுப்பெட்டி வாங்கிக்கொள்வர். மற்றவர் என்ன செய்வர்? அதைத்தான் நாம் பேச வந்தோம்.

நின்றது எது?

அக்டோபர் 15 அன்று காலையில் விண்டோஸ் 10 கணினியைத் திறந்தவருக்கு அது வழக்கம்போலவே திறந்தது. படம் வந்தது, எழுத்து வந்தது, எல்லாம் வந்தது. ஆகவே "ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் எண்ணினர். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இயங்குதளம் என்பது பல கோடி எழுத்துகளால் ஆன ஆணைத்தொகுப்பு. மனிதர் எழுதியது, ஆகவே ஓட்டைகள் உண்டு. மாதந்தோறும் புதிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. கண்டுபிடிப்பவர்களில் நல்லவரும் உண்டு, திருடரும் உண்டு. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை தோறும் மைக்ரோசாப்ட் அந்த ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை அனுப்புகிறது. அதைத்தான் அப்டேட் என்கிறோம்.

வாடகை வீட்டுக்காரர் ஒருவர் குடியிருப்பவரிடம் இப்படிச் சொல்வதாக எண்ணிப் பாருங்கள்: "வீட்டில் நீ இருக்கலாம். ஆனால் இன்று முதல் தாழ்ப்பாள் உடைந்தால் நான் வரமாட்டேன். வேறு தச்சனை அழைத்தும் பயனில்லை. அந்தத் தாழ்ப்பாளின் சூட்சுமம் என் ஒருவனுக்குத்தான் தெரியும்." விண்டோஸின் மூலநிரல் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் படித்துச் செம்மை செய்யும் உரிமை அந்த நிறுவனத்துக்கு மட்டுமே. நம் பணம், நம் இயந்திரம், நம் மேசை. ஆனால் பழுது பார்க்கும் உரிமை மட்டும் நம்முடையதல்ல!

பூச்சாண்டி அல்ல, நடந்த கதை

இது வெறும் பயமுறுத்தல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2017 மே 12 அன்று வான்னாகிரை என்னும் நச்சுநிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. கணினியில் இருந்த கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். அது நுழைந்த ஓட்டையைக் கண்டுபிடித்து இரகசியமாக வைத்திருந்தது யார்? அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை! அவர்களிடமிருந்து களவு போன கருவியே உலகத்தைத் தாக்கிற்று. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்னரே, 2017 மார்ச்சில், திருத்தம் வெளியிட்டிருந்தது. போட்டவர் தப்பினர், போடாதவர் மாட்டினர்.

அந்தக் கதையில் இன்னொரு செய்தி உண்டு. அதைக் கவனமாகப் படியுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பழைய இயங்குதளத்தை 2014 ஏப்ரல் 8 அன்றே அந்நிறுவனம் கைவிட்டிருந்தது. ஆனால் வான்னாகிரை வெடித்த உடனே, எக்ஸ்பிக்கும் எல்லோருக்குமான திருத்தம் வெளிவந்தது. தனிக் கட்டணம் செலுத்தியோருக்காக ஏற்கெனவே செய்து வைத்திருந்த மருந்துதான் அது. அலமாரியில் மருந்து இருந்தது; ஏழைக்கு இல்லை என்றிருந்தது; ஊரே பற்றி எரிந்தபோது கதவு திறந்தது! முடியாதது என்று எதுவும் இல்லை, மனம் இல்லை என்பதே பொருள்.

துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு அடுத்த கதை இன்னும் நெருக்கமானது. அதே ஆண்டு ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்னும் நச்சுநிரல் கிளம்பியது. உக்ரைன் நாட்டில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கெழுதும் மென்பொருளின் அப்டேட் வழியாகவே அது புகுந்தது. மெர்ஸ்க் என்னும் மாபெரும் கப்பல் நிறுவனம் நிலைகுலைந்தது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமத்தின் முனையமும் முடங்கியது. எங்கோ ஒரு கணக்குப் பெட்டியில் விழுந்த ஓட்டை, இங்கே கன்டெய்னர் லாரிகளை வரிசையில் நிறுத்திற்று. எண்ணூர் சாலையில் இரவெல்லாம் லாரிக்குள் காத்துக்கிடக்கும் ஓட்டுநருக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

"இலவசம்" என்கிறார்களே!

"ஏன் இந்தப் புலம்பல்? விண்டோஸ் 11-க்கு மாறுவது இலவசம்தானே?" என்கிறார்கள் கனவான்கள். ஆம், இலவசம்தான். விருந்து இலவசம், இலையை மட்டும் நீயே கொண்டுவர வேண்டும், அந்த இலையின் விலை முப்பதாயிரம் ரூபாய் என்றால், அது எவ்வளவு இலவசமோ அவ்வளவு இலவசம்!

2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது, 4 ஜி.பி. நினைவகம் வேண்டும் என்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது இருக்க வேண்டும் என்கிறது. 2018-க்கு முன் செய்த கணினிகளில் மிகப் பெரும்பாலானவை இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. தமிழக அரசின் மடிக்கணினித் திட்டம் 2011-ல் தொடங்கி, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கருவி கொடுத்தது. வேறெந்த மாநிலமும் இந்த அளவில் எண்ணிப் பார்க்காத திட்டம். அந்தப் பெட்டிகளில் இன்னும் உயிரோடிருப்பவற்றின் வயது என்ன, உள்ளே இருக்கும் செயலி என்ன என்று பாருங்கள். இலவசத்தின் இலட்சணம் விளங்கும்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். டி.பி.எம். சில்லு வீண் அல்ல. இரகசியச் சாவிகளைத் தனியறையில் பூட்டி வைப்பது அதன் வேலை. அதனால் பாதுகாப்பு கூடும். விண்டோஸ் 10-க்குப் பத்தாண்டு என்று 2015-லேயே அட்டவணையில் குறித்திருந்ததும் உண்மை. ஆனால் அதே 2015-ல், விண்டோஸ் 10 தான் கடைசிப் பதிப்பு என்று அந்நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் மேடையேறிப் பேசியதும் உண்மை. 2017-ல் புத்தம் புதிதாகக் கணினி வாங்கியவருக்குப் பத்தாண்டு எங்கே? எட்டே ஆண்டு! இரும்புப் பெட்டி வைத்த வீடு கூடுதல் பாதுகாப்பு என்பதை ஒப்புகிறோம். அதற்காக, இரும்புப் பெட்டி இல்லாத வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போவது என்ன நியாயம்?

மாறியவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா? விண்டோஸ் 10-ஐக் கைவிட்ட அதே 2025 அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 11-க்கு ஓர் அப்டேட் வந்தது. அதைப் போட்டதும், கணினி பழுதானால் மீட்கும் பகுதி இருக்கிறதே, அங்கே யு.எஸ்.பி. கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை! நெருப்பு பிடித்தால் திறக்க வேண்டிய கதவின் கைப்பிடியைப் பிடுங்கிய கதை. 20-ஆம் தேதி அவசரமாக இன்னொரு அப்டேட் அனுப்பிச் சரிசெய்தார்கள். அதற்கு முன், 2024 மே மாதத்தில், ரீகால் என்றொரு வசதியை அறிவித்தார்கள். புதுவகைக் கணினிகளில், திரையில் தெரிவதையெல்லாம் சில நொடிக்கொரு முறை படம் பிடித்துச் சேர்த்து வைக்குமாம்! பாதுகாப்பு வல்லுநர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். தள்ளிவைத்தார்கள். பின்னர் 2025 ஏப்ரலில், விரும்பினால் மட்டும் இயக்கிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு வெளியிட்டார்கள். எதிர்த்தால் பணிகிறார்கள் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

ஐரோப்பாவுக்கு ஒரு நீதி, அயனாவரத்துக்கு ஒரு நீதியா?

பழைய கணினியை வைத்திருப்போருக்கு ஓராண்டு நீட்டிப்பு தருகிறோம் என்றார்கள். 2026 அக்டோபர் 13 வரை. விலை 30 டாலர். நம் காசில் 2,500 ரூபாய்க்கு மேல். பணம் வேண்டாம் என்றால், மைக்ரோசாப்ட் கணக்குத் தொடங்கி, கணினியின் அமைப்புகளை அவர்கள் கிடங்கோடு இணைத்து வைக்க வேண்டும். அல்லது அவர்கள் தரும் வெகுமதிப் புள்ளிகளில் 1,000 சேர்த்திருக்க வேண்டும். நிறுவனங்களுக்கோ முதலாண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. ஏறிக்கொண்டே போகும் ஏணி!

ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்துக் கடிதம் எழுதின, சட்டத்தைச் சுட்டின. 2025 செப்டம்பரில் நிறுவனம் இறங்கி வந்தது. அங்கே உள்ளவர்களுக்குக் கணக்கு ஒன்று இருந்தால் போதும். கட்டணமில்லை, அமைப்புகளைக் கொண்டுவந்து கொட்டு என்ற நிபந்தனையும் இல்லை. பாரிஸ் நகரத்தாருக்குக் கிடைத்த சலுகை பட்டாளம் வாசிக்கு ஏன் கிடைக்கவில்லை? அவர்கள் கேட்டார்கள், நம் சார்பில் டில்லி உரத்துக் கேட்கவில்லை. இவ்வளவே வேறுபாடு.

கேட்டுப் பெறுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பெரம்பூரையும் புளியந்தோப்பையும் ஒட்டி எழுந்து நின்ற பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களை மையமாக வைத்துத்தான், 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் அன்று பேசியது தறியைப் பற்றி மட்டுமல்ல, நேரத்தைப் பற்றியும். எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், எத்தனை மணிக்கு அடையும் என்பதை ஒரு தரப்பு மட்டுமே முடிவு செய்யலாமா என்பதே கேள்வி. 1921-ல் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் இந்தத் தெருக்கள் கண்டன. 1996-ல் ஆலையே மூடியது. அன்று இயந்திரமும் அவர்களுடையது, கடிகாரமும் அவர்களுடையது. இன்று இயந்திரம் நம்முடையது. கடிகாரம் மட்டும் இன்னும் அவர்களிடமே இருக்கிறது.

தள்ளிய பெட்டி எங்கே போகும்?

விண்டோஸ் 10 ஓய்வு பெறுவதால் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்னும் ஆய்வு நிறுவனம் 2023-லேயே கணித்தது. குப்பை என்றால் எங்கே? காற்றில் கரைந்து போகுமா? காயலான் கடைக்கு வரும். அங்கிருந்து, கையுறையும் முகமூடியும் இல்லாமல் கம்பியைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் கைகளுக்கு வரும். மிச்சம் கொடுங்கையூர் போன்ற குப்பைமேடுகளுக்கு வரும். அந்தப் புகையைச் சுவாசிப்பவர் யார்? வடசென்னைக் குழந்தைகள்தாம். நல்ல நிலையில் ஓடும் கணினியைச் சாகடிப்பவர் ரெட்மண்டில். அதன் சாம்பலைச் சுமப்பவர் இங்கே. சென்னை நகரத்தின் கழிவையெல்லாம் வடக்கே தள்ளியது போதாதென்று, உலகத்தின் கழிவும் வர வேண்டுமா?

நமக்கு வழி தெரியாதா?

தெரியும். ஒருமுறைக்கு இருமுறை நடந்தும் பார்த்தோம். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில், உமாசங்கர் தலைமையில், தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற்றியது. 2014-ல் எக்ஸ்பி கைவிடப்பட்டபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று ஆணை பிறந்தது. பாஸ் என்பது சி-டாக் என்னும் இந்திய அரசு நிறுவனம் உருவாக்கியது. அதன் சென்னை மையத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு. மாணவர் மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது.

பிறகு ஏன் பழைய குருடி கதவைத் திறடி என்றாயிற்று? ஆணை வந்தது, ஆசிரியருக்குப் பயிற்சி வரவில்லை. லினக்ஸ் வந்தது, அலுவலக மென்பொருள்கள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டிருந்தன. பிரின்டர் ஓடவில்லையென்றால் கேட்க ஆளில்லை. மாணவர்கள் பாஸைத் திறந்து பாராமலே அழித்து இடத்தைப் பிடித்தனர். விதை நல்ல விதை. தண்ணீர் ஊற்றத்தான் ஆளில்லை. பக்கத்திலே கேரளத்தைப் பாருங்கள்! அரசுப் பள்ளிகளில் ஆண்டுக்கணக்காகக் கட்டற்ற மென்பொருளிலேயே பாடம் நடக்கிறது. அங்கே மென்பொருளை மட்டும் கொடுக்கவில்லை, ஆசிரியர்களையும் உருவாக்கினார்கள்.

லினக்ஸில் ஓட்டையே இல்லையா என்றால், உண்டு. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சிறு கருவிக்குள் யாரோ திட்டமிட்டுக் கள்ளக்கதவு வைத்திருந்தது அம்பலமாயிற்று. கண்டுபிடித்தவர் மைக்ரோசாப்ட் ஊழியர் ஒருவர் என்பது வேடிக்கை! ஆனால் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது ஏன்? மூலநிரல் திறந்து கிடந்தது; யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம். திறந்த வீட்டில் திருடன் நுழைந்தால் அண்டை வீட்டுக்காரர் பார்ப்பார். மூடிய கோட்டையில் நுழைந்தால் கோட்டைக்காரர் சொன்னால்தான் தெரியும்.

நாம் கேட்பவை

ஒன்று: ஐரோப்பியருக்குத் தந்த சலுகையை இந்தியருக்கும் தருமாறு ஒன்றிய அரசு மைக்ரோசாப்ட் நிறுவனத்தை வலியுறுத்த வேண்டும். இந்தச் சந்தை சிறிய சந்தை அல்ல.

இரண்டு: மக்கள் வரிப்பணத்தில் கணினி வாங்கும்போது, எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் தருவீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி என்று 2025 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்து, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கிய மாநிலம் இது. இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டால் எந்த வியாபாரி மறுப்பார்?

மூன்று: பழைய அரசு மடிக்கணினிகளைக் குப்பைக்கு அனுப்பாமல், லினக்ஸ் போட்டுத் தரும் உதவி மேசை ஒவ்வொரு வட்டார நூலகத்திலும் வேண்டும். தமிழில் விளக்கம் வேண்டும். தமிழ்99 விசைப்பலகை அதில் தயாராக இருக்க வேண்டும். முதல் மேசையைப் புளியந்தோப்பிலேயே போடலாம். ஐ.டி.ஐ. படித்த நம் பிள்ளைகள் அந்த வேலையைச் செய்வார்கள். அவர்களுக்குச் சம்பளமும் கிடைக்கும்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. விண்டோஸ் 10 வைத்திருப்போர், நீட்டிப்புக் காலம் இருக்கும்வரை அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். சான்றிதழ், கணக்கு, குழந்தைகளின் படங்கள் எல்லாவற்றையும் தனி டிஸ்க்கில் ஒரு படி எடுத்துக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். பூட்டும் நச்சுநிரலுக்கு அதுவே சரியான மருந்து. திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள். "உங்கள் விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று எவரேனும் தொலைபேசியில் பேசினால், உடனே வையுங்கள், மைக்ரோசாப்ட் யாரையும் அப்படி அழைப்பதில்லை. பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

தோழர்களே! வீட்டுக்கு வீடு கல்வி வேண்டும் என்று போராடிப் பெற்றோம். அந்தக் கல்விக்குக் கருவி வேண்டும் என்று கேட்டு அதையும் பெற்றோம். கருவி கைக்கு வந்த பிறகு, அதைக் காக்கும் உரிமை கடல் கடந்த ஒரு கம்பெனியின் நாட்காட்டியில் தொங்க நாம் விடலாமா? பாதுகாப்பு என்பது பணக்காரருக்குப் பண்டம், ஏழைக்குப் பிச்சை என்றிருக்கும் நிலையை ஏற்கமாட்டோம் என்று சொல்லுவோம். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நம் உறுப்பினர்கள் இதைக் கேட்கட்டும். சாவி நம் கைக்கு வரும்வரை நாமும் கேட்டுக்கொண்டே இருப்போம்!